விசிட் விசா ரிஜெக்ட் ஆனால் என்ன செய்யலாம்? வேலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க விண்ணப்பித்து, மறுப்புக் கடிதத்தோடு தவிக்கும் பெற்றோர் கேட்டவை இவை. யார் கேட்டாலும் நான் முதலில் படிக்கக் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

காட்பாடி அம்மா: மகள் இங்கிலாந்தில் நர்ஸ், வேலை விசாவில் இருக்கிறாள். பேத்தியைப் பார்க்க விண்ணப்பித்தேன். சீட்டு எடுத்த 4 லட்சத்தை அதற்கு முந்தைய வாரம்தான் கணக்கில் போட்டேன். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம், மறுத்துவிட்டார்கள். அப்பீல் போகலாமா?

பதில்: அம்மா, குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்த முழு அப்பீல் உரிமையை இங்கிலாந்து 2013 ஜூன் 25-ஆம் தேதி எடுத்துவிட்டது. மனித உரிமை அடிப்படையில் ஒரு குறுகிய வழி உண்டு, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். மறுபடி விண்ணப்பியுங்கள். அதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. அதே காகிதங்களை அனுப்பினால் மட்டும் அதே பதில்தான் வரும்.

பென்ஷன் மட்டும் வரும் கணக்கில் திடீரென்று 4 லட்சம் விழுந்தால், அது உங்கள் பணமா, விசாவுக்காக யாரோ போட்டுவைத்ததா என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? சீட்டுப் பணம் நமக்குச் சாதாரணம், அவருக்குப் புதிது. பதிவு பெற்ற சீட்டு என்றால் பாஸ்புக், மாதாமாதம் கட்டிய ரசீது எல்லாம் வையுங்கள். தெருவில் நடக்கும் சீட்டு என்றால் அந்தப் பணத்தை நம்பவே வேண்டாம். உங்கள் செலவை மகளே ஏற்க விதி இடம் தருகிறது, அவள் அந்நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. அவளுடைய சம்பளச் சீட்டுகள், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், விசா நகல், அழைப்புக் கடிதம் வாங்குங்கள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குப் பென்ஷன் ஆவணம், வீட்டுப் பட்டா, இங்கே கணவர் இருக்கிறார் என்பதற்கான சான்று.

அப்புறம், இனிஷியல். மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரிவாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் இணையுங்கள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். முந்தைய மறுப்பை மறைக்காதீர்கள். படிவத்திலேயே கேட்பார்கள்.

ஆற்காடு ஐயா: மகன் ஆஸ்திரேலியாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவன். அவன் ஸ்பான்சர் செய்தும் எனக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

பதில்: ஐயா, உங்களுக்கு உண்மையிலேயே வழி இருக்கிறது. மறு ஆய்வுக்கு மனு போட வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் மகன். 2024 அக்டோபர் 14 முதல் பழைய ஏ.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.ஆர்.டி. என்ற தீர்ப்பாயம் இதைப் பார்க்கிறது. கடைசித் தேதி உங்கள் கடிதத்திலேயே இருக்கும். அது தாண்டினால் நீட்டிப்பு கிடையாது. இன்றே கடிதத்தை மகனுக்கு அனுப்புங்கள்.

வாலாஜாபேட்டை தம்பி: அக்கா கனடாவில் இருக்கிறார். அப்பாவுக்கு விசா மறுப்பு, காரணம் ஒரே வரியில்.

பதில்: தம்பி, அதிகாரி எழுதிவைத்த உள்குறிப்பை, ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்பார்கள், அப்பாவின் சம்மதத்தோடு அக்கா கேட்டு வாங்கலாம். கட்டணம் 5 டாலர். நீதிமன்றம் போவதென்றால் 60 நாளுக்குள் போக வேண்டும், குறிப்பு வரட்டும் என்று அதைத் தவறவிடாதீர்கள். ஜெயித்தாலும் நீதிமன்றம் நேரடியாக விசா தராது, வழக்கமாக வேறு அதிகாரியிடம் திருப்பி அனுப்பும்.

ஆம்பூர் அண்ணன்: இங்கிலாந்து விசாவுக்கு ஏஜென்ட் எனக்குத் தெரியாமல் பொய்யான சம்பளக் கடிதம் வைத்திருக்கிறார். மோசடி என்று மறுத்துவிட்டார்கள்.

பதில்: அண்ணா, இதைக் கேட்டு மனசு கனத்துவிட்டது. அவசரப்பட்டு மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். போலி ஆவணம் உங்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தாலும் மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மோசடி செய்தீர்கள் என்ற முடிவு நின்றால் 10 வருடத் தடை விழும். அதனால் உங்களுக்குத் தெரியாது என்பதை நிரூபிப்பதுதான் இப்போது முக்கியம். அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற மறு ஆய்வு கேட்கலாம், அதிகபட்சம் 3 மாதத்துக்குள். ஏஜென்ட் அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.