மலைச்சரிவில் வாடகை வீடு: முதல் செலவு எதற்கு?

வணக்கம் ஐயா,

நீலகிரியில் அருவங்காட்டுக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட பழைய வீடு ஒன்று இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை, இரண்டு போர்ஷன், மொத்தம் 950 சதுர அடி. ரோட்டிலிருந்து 60 படி இறங்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடு பின்சுவரை ஒட்டியே நிற்கிறது. உள்ளே அந்தச் சுவர் முழுக்க ஓதம், பூஞ்சை. அப்பா தவறிய பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. பட்டா இன்னும் அவர் பேரில்தான். எனக்கு ஒரு அக்கா உண்டு.

டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் எல்லாம் சேர்த்து 9 லட்சம், பாதி அட்வான்ஸ் என்கிறார் கான்ட்ராக்டர். 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்குத் தனிநபர் கடன் உடனே தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து 16,500 ரூபாய் வாடகை வருமாம். ஹோம்ஸ்டே ஆக்கினால் சீசனில் இதைவிடப் பல மடங்கு எடுக்கலாம் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

செ., கோவை

அன்புள்ள செ.,

அந்த 9 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் தண்ணீருக்காக ஒதுக்கப்படவில்லை. உங்கள் வீட்டின் நோய் தண்ணீர். மேடு ஈரத்தைச் சுவருக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும், அடுத்த மழையில் பூச்சோடு பெயர்ந்து வரும். அப்போது மாடுலர் கிச்சனின் பலகையும் ஊறி உப்பியிருக்கும். அதனால் கான்ட்ராக்டர் சொன்ன வரிசையைத் தலைகீழாக்குங்கள்: வீட்டுக்குப் பின்புறம், கூரை, சுவர், மின்சாரம். தரையும் சமையலறையும் கடைசியில் வரட்டும்.

முதலில் ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பகுதி சரியாகும். பின்சுவரில் ஒன்று, முன்சுவரில் ஒன்று ஒட்டிப் பாருங்கள். பூட்டிய வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும்.

பின்சுவரை ஒட்டிய மண்ணை எடுத்தே ஆக வேண்டும். உள்தரை மட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே வரை எடுத்து, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு, இரண்டரை அடியாவது, இடைவெளி வேண்டும். இதில்தான் உயிராபத்து இருக்கிறது. மேட்டின் அடியை ஒரே வீச்சில் நீளமாக வெட்டினால் மேடு இறங்கிவிடும். நான்கைந்து அடி நீளத்துக்கு மட்டும் கையால் வெட்டி, அங்கே தடுப்புச் சுவரை எழுப்பி, பிறகு ஒரு துண்டு விட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. 'ஒரு நாள் வேலைதானே, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மேடு ஓர் ஆள் உயரத்தைத் தாண்டினால் தடுப்புச் சுவரின் அளவை மேஸ்திரி கணக்குக்கு விடாமல், ஒரு சிவில் இன்ஜினியரிடம் வரைந்து வாங்குங்கள்.

மேட்டில் ஊறும் தண்ணீர் வெளியேற, தடுப்புச் சுவரில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வைக்க வேண்டும், வெளிப்பக்கம் சற்றே சரிந்து இருக்கும்படி. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்ப வேண்டும். பலர் குழாயை வைத்துவிட்டு ஜல்லியை விட்டுவிடுகிறார்கள். சில மழையில் மண் அடைத்துக் குழாய் கண்மூடிவிடும். பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் சுவரைத் தள்ளும். சுவரடியில் 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழத்தில் திறந்த வடிகால், நூறடிக்கு ஒரு அடி வாட்டம் போதும். மூடிபோட்ட வடிகால் வேண்டாம். இலை அடைத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தண்ணீர் பொது வடிகாலில் போய்ச் சேரட்டும். கீழ்வீட்டுக்காரர் மேட்டில் விடாதீர்கள், அவர் சுவரும் உங்களுடையதைப் போல ஊறும்.

கூரைக்கு வருவோம். பழைய தகரத்தில் ஒழுகல் பெரும்பாலும் ஆணித் துளையிலிருந்தும், முகட்டிலிருந்தும், புகைபோக்கி கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்தும் வரும். தகடு நன்றாக இருந்தால் பழைய போல்ட்டை எடுத்து, ரப்பர் வாஷர் உள்ள திருகு போட்டாலே போதும், மாற்றுவதென்றால் 0.50 மில்லிமீட்டர் கலர் ஷீட், மேலும் கீழும் சேரும் இடத்தில் 6 அங்குல மேற்பொருத்தம். தகட்டுக்கு அடியில் காப்புப் படலம் இல்லாமல் ஃபால்ஸ் சீலிங் போட்டால், இரவுக் குளிரில் தகட்டின் உட்புறம் வியர்த்து சீலிங்கில் சொட்டும். வாடகைக்காரர் அதைக் கூரை ஒழுகல் என்றுதான் சொல்வார். சீலிங் போடுகிறவரிடம் ஆள் ஏறிப் பார்க்க இரண்டடிக் கதவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் கட்டரால் அறுக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து முழுத் தகடாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கல்லும் மண்சாந்துமாகக் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு பகை. ஓதம் தெரியும் உயரத்துக்கு மேலே இரண்டடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, முடிந்த அளவு காயவிட்டு, ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே பத்து நாளாவது இடைவெளி. அதன் மேல் வெள்ளையடிப்புதான் சரி. பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

இப்போது உங்கள் 60 படி. சராசரி 20 மில்லிமீட்டர் கனத்தில் 1,000 சதுர அடி பூச ஏறக்குறைய 65 கன அடி மணல் வேண்டும், அதாவது சுமார் 3 டன். ஆளுக்கு 30 கிலோ தலைச்சுமை என்றால் மணலுக்கு மட்டும் நூறு நடை. சுண்ணாம்பு, சிமென்ட், ஜல்லி, தகடு எல்லாம் இதற்கு மேல். கொத்திய பூச்சும் தோண்டிய மண்ணும் அதே படியில் மேலே ஏறி லாரியில் போக வேண்டும். சரிவில் கொட்டினால் கீழே நீர்வழி அடைபடும். 'மொத்தமாக 9 லட்சம்' என்கிற கொட்டேஷனில் இந்தச் சுமைகூலியும் இடிபாடு அகற்றும் செலவும் யார் தலையில் என்று எழுதியிருக்காது. மலையில் பாதி வேலையில் ஆள் காணாமல் போவதற்கு இது பெரிய காரணம். சமவெளிக் கணக்கில் விலை சொல்லிவிட்டு, சுமைகூலி கையைக் கடித்ததும் அவர் வேறு சைட்டுக்குப் போய்விடுகிறார். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ரேட், பொருளின் தரம், சுமைகூலி என்று நான்கு பத்தியாக எழுதி வாங்குங்கள். இரண்டு பேரிடமாவது ஒரே தாளைக் கொடுத்து ரேட் போடச் சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

பாதி அட்வான்ஸ் கூடவே கூடாது. வேலை தொடங்க 10 சதவீதம், மேட்டு வேலையும் கூரையும் முடிந்ததும் ஒரு பகுதி, பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி, வயரிங் சோதித்த பின் ஒரு பகுதி என்று பிரியுங்கள். கடைசி 10 சதவீதம் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, டிசம்பர் 31-க்குப் பிறகு. குன்னூர், அருவங்காடு பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வீட்டுக்குப் பரீட்சை. வேலையைத் தை மாதம் தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிட்டால், இடையில் சுவர் காய்வதற்கு நாள் கிடைக்கும். நல்ல மேஸ்திரி இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்வார். அவருக்கு வாரக்கூலி தடைப்படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி போகாவிட்டால் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

மின்சாரத்தில் இரண்டே சொல்கிறேன். பழைய வீட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்ஷனுக்கு ஒன்றாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். மலையில் இரண்டு கீசரும் ஒரு ரூம் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும், சேர்ந்தால் 6 கிலோவாட் வரை போகும். மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடு அதற்குத் தாங்குமா என்று பார்த்து, கீசருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்போன குடும்பங்கள் இந்த மலைகளில் உண்டு. கணப்பு (சுவரோடு கட்டிய விறகு அடுப்பு) இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்து கொடுங்கள், இல்லாவிட்டால் முழுக்க மூடிவிடுங்கள். அரைகுறையாக விடாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் மூட முடியாத ஒரு காற்றுத்துளை இருக்கட்டும்.

கடனுக்கு உச்சவரம்பை வாடகையிலிருந்து போடுங்கள். மாதம் 16,500 என்றால், ஆள் மாறும் இடைவெளியைக் கழித்து வருடத்துக்கு 10 மாத வாடகை 1,65,000. சொத்து வரி, காப்பீடு, வருடாந்திரப் பழுதுக்கு 30,000 போனால் மிச்சம் 1,35,000, மாதத்துக்கு 11,250. தனிநபர் கடனில் 9 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 20,940 ரூபாய். வாடகை முழுவதும் கொடுத்தாலும் போதாது. அதே கடனில் 5 லட்சம் எடுத்தால்கூட 11,630. வீட்டுச் சீரமைப்புக் கடனாக 5 லட்சம், 9.5 சதவீதம், 10 வருடம் என்று வைத்தால் தவணை 6,470தான். வட்டி மாறும் கடன் என்றால், தனிநபர் முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் கிடையாது. வாடகைக்கு விட்ட வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம்; புதிய வரி முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. பில்களையும் வங்கியின் வட்டிச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் பட்டா அப்பா பேரில் இருக்கும்வரை எந்த வங்கியும் அந்த வீட்டை அடமானம் பிடிக்காது. வாரிசுச் சான்று, அக்காவின் பங்குக்கு விடுதலைப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினை, பிறகு பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று. குடும்பத்துக்குள் செய்யும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. அக்காவிடம் நேரில் பேசி, அவர் பங்கைத் தொகையாகவோ வாடகையில் பாகமாகவோ எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணத்தில் வீட்டைச் சரிசெய்த பிறகு இந்தப் பேச்சு வந்தால் இருவருக்கும் வருத்தம்.

பழைய அளவுக்குள் பழுதுபார்ப்பது ஒன்று, சுவரை மாற்றி அறை சேர்ப்பது வேறு. இரண்டாவதற்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும். நீலகிரியில் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீடு கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு நிர்வாகம்) எல்லைக்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அனுமதி கொடுப்பது வேறு அலுவலகம்.

ஹோம்ஸ்டே இப்போது வேண்டாம். பதிவு, உபயோக மாற்றம், மின்கட்டண வகை, சொத்து வரி எல்லாம் மாறும். சீசன் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கினால் தவணை ஆடியிலும் வரும், புரட்டாசியிலும் வரும். 2024 மே முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. உங்கள் இடத்தைச் சுற்றி வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவக் கல்லூரி, பள்ளிகள் இருக்கின்றன. வருடம் முழுக்க வாடகை கொடுக்கும் குடும்பங்களுக்குக் காய்ந்த சுவரும், வெந்நீரும், தனி மீட்டரும்தான் தேவை. அவர்களோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது என்பதால், சீரமைப்புச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்ப வேண்டாம். பின்வடிகாலை மாதம் ஒரு முறை யார் சுத்தம் செய்வது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.