பயிற்சி அறையில் சரளம், வீட்டில் திக்கல்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 4 வயதில் திக்க ஆரம்பித்தான். மூன்று மாதமாகப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். அங்கே தடங்கலே இல்லாமல் பேசுகிறான்; வீட்டுக்கு வந்ததும் பழையபடி திக்குகிறது. "மெதுவா, மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று நானும் என் மாமனாரும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இப்போதெல்லாம் அவன் பேசுவதே குறைந்துவிட்டது. பயிற்சி பலன் தரவில்லையா? எங்கள் வளர்ப்பில் ஏதும் கோளாறா?

பதில்: வளர்ப்பில் கோளாறு இல்லை. பெற்றோர் சுட்டிக்காட்டுவதால்தான் திக்குவாய் வருகிறது என்று 1940களில் ஒரு கருத்து பரவியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஒதுக்கிவிட்டன. பேச்சுத் தசைகளை மூளை நேரம் தவறாமல் இயக்குவதில் உள்ள வேறுபாடுதான் இது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. 2 முதல் 5 வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே சரியாகிவிடும். தொடங்கி மூன்று ஆண்டு ஆன பிறகும் நீடித்தால் அந்த வாய்ப்பு குறைவு. அதனால் பயிற்சிக்குப் போனது நல்ல முடிவு.

பயிற்சி அறையில் ஒரே ஒருவர்தான் கேட்கிறார். அவருக்கு அவசரமில்லை, யாரும் குறுக்கே பேசுவதில்லை. வீட்டிலோ சொல்ல வந்ததை முந்திச் சொல்ல வேண்டும், உற்சாகம், கோபம், அழுகை எல்லாம் கலந்து வரும். அதற்கு நடுவே, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்றும் கவனிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அறையில் கற்றது அன்றாடப் பேச்சுக்குள் வரப் பல மாதங்கள் பிடிக்கும். மூன்று மாதத்தை வைத்துப் பலனை எடை போடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அவன் பேச்சு குறைந்ததுதான். திக்குவதைவிட இது பெரிது. பதில் தெரிந்தும் "தெரியாது" என்கிறானா, சிக்கும் சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லுக்குத் தாவுகிறானா என்று பாருங்கள். அப்படியானால் பயிற்சியாளரிடம் உடனே சொல்லுங்கள். "மூச்சு விட்டுச் சொல்லு" என்பது அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அவன் காதில், நீ சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன விதம்தான் எங்களுக்கு முக்கியம் என்று விழுகிறது. இன்றே நிறுத்துங்கள். மாமனாரிடம், "பயிற்சியாளர் சொன்ன நேரத்துல மட்டும் பயிற்சி, மத்த நேரம் அவன் சொல்றதைக் கேட்டா போதும் மாமா" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்க வேண்டாம். அவன் முடித்த பின் ஒரு நொடி விட்டு, நிதானமாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் வேகத்தைக் குறைத்தால் அவனுக்கும் அவசரம் குறையும்.

தினமும் 5 நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் அவனோடு மட்டும் உட்காருங்கள். அதில் திருத்தம், கேள்வி எதுவும் வேண்டாம். சொல் சிக்கி அவன் முகம் வாடினால், பார்க்காததுபோல் இருக்காதீர்கள். "அந்த வார்த்தை கொஞ்சம் சிக்கிக்கிச்சு, பரவாயில்ல, சொல்லு" என்றால் போதும். மறைக்க வேண்டிய விஷயம் இது என்ற எண்ணம் அவனுக்கு வரவே கூடாது.

அடுத்த முறை நீங்களும் பயிற்சி அறைக்குள் உட்கார முடியுமா என்று கேளுங்கள். போனில் பேசுவது, கடையில் கேட்டு வாங்குவது போன்ற பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், இத்தனை நாளில் முழுசாகச் சரியாகும் என்று ஒருவர் உறுதி தந்தால், அப்போது ஆளை மாற்றலாம்.

அப்புறம் பள்ளிக்கூடம். வாசிக்கும் முறை வரும்போது ஆசிரியர் அவனைத் தாண்டிப் போகிறாரா என்று விசாரியுங்கள். இன்னொரு குழந்தையோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தால் திக்குவது பெரும்பாலும் வெகுவாகக் குறையும். ஆனால் எப்படி வாசிக்க விருப்பம் என்று முதலில் அவனிடமே தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.