‘தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறதே, டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதுகும் கழுத்தும்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வயது 46. திருப்பூரில் டெய்லர். ஆறு மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘லேசான தேய்மானம், எல்4-எல்5ல் டிஸ்க் பல்ஜ்’ என்று இருக்கிறது. ஜவ்வு மறுபடி வளருமா? தொழிலை விட்டுவிட வேண்டுமா?

ஜவ்வு வளராது. அது வளராமலே வலி போகும். தொழிலை விட வேண்டாம்.

‘தேய்மானம்’ என்றதும் செருப்பு தேய்ந்து ஓட்டை விழுவதுபோல ஒரு பயம் வந்துவிடுகிறது. நடப்பது வேறு. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், அதாவது நீங்கள் சொல்லும் ஜவ்வு, இளவயதில் ஈரம் நிறைந்தது. (எல்4-எல்5 என்பது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள இடம்.) வயதாக ஆக அது வறண்டு, உயரம் குறைந்து, ஓரம் பிதுங்குகிறது; இந்தப் பிதுக்கம்தான் ‘பல்ஜ்’. பக்கத்து எலும்பின் விளிம்பு தேய்வதில்லை, முளைக்கிறது! முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015ல் வந்தது. 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பல்ஜ். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். உங்கள் பக்கத்து மெஷினில் வலியில்லாமல் தைத்துக்கொண்டிருப்பவரை ஸ்கேன் எடுத்தாலும் இதே வரி வரக்கூடும்.

ஆகவே ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு ஸ்டூலைக் கவனியுங்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் குனிந்தபடி பல மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் உங்கள் இடுப்புக்குப் பெரிய பாரம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்தால் காசு போகும் என்பது தெரியும்; பண்டலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காமல் நாலடி தள்ளி வையுங்கள், எழுந்தே ஆக வேண்டியிருக்கும்.

வீட்டில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை, இரண்டு வேளை. அப்புறம் நடை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து குணமான 701 பேரிடம் நடத்தி, 2024ல் வெளியான ஆய்வில், முறையாக நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்ப வர நடுவே 208 நாள் கிடைத்தது, மற்றவர்களுக்கு 112. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

கழுத்து எலும்பு தேய்ந்ததால் தலைசுற்றல் என்று காலர் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாகியும் குறையவில்லை. (58, இல்லத்தரசி)

படுக்கையில் புரளும்போதும், பரணில் சாமான் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும் சில விநாடி மட்டும் அறையே சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது கழுத்தின் வேலை இல்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய படிகங்கள் இடம் மாறினால் இப்படித்தான் சுற்றும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். எப்லி என்ற முறையில் தலையைச் சில நிலைகளில் திருப்பியே பலருக்குச் சரிசெய்துவிடுவார்கள். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது நம் ஊரில் பழகிப்போன தவறு.

காலர் மாதக்கணக்கில் போடும் பொருளல்ல. கழுத்துத் தசை சோம்பிவிடும். போட்ட டாக்டரிடம் கேட்டுக்கொண்டு படிப்படியாகக் கழற்றுங்கள். இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தில் நெட்டி எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது...

வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருகியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் ஒரு சொடக்குக்காக அந்த ஆபத்து எதற்கு? மசாஜோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகுக்கு நல்லதா?

பழக்கமானவருக்குப் பரவாயில்லை. வலிக்காகப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்து 2003ல் வெளியான ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமானதே வலியைக் குறைத்தது.

அப்பாவுக்கு 67 வயது, பி.பி., சுகர் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இரண்டு மாதமாகத் தினமும் வலி மாத்திரை போடுகிறார். கூடவே கால்சியம், நரம்பு மாத்திரை.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், பி.பி.யை ஏற்றலாம், வயிற்றில் புண்ணாக்கலாம். அப்பாவுக்கு மூன்றுமே ஆபத்து. இந்த வாரமே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். வெந்நீர் ஒத்தடமும் சிறு நடையும் போதுமா என்று முதலில் பார்க்கலாம்.

கால்சியம் டிஸ்க்கைச் சரிசெய்யாது. நரம்பு மாத்திரை விஷயத்தில் ஒன்று: சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நரம்புக்குத் தேவையான பி12 வைட்டமின் குறையலாம், பாதம் மரத்துப்போகும், பழி முதுகின் மேல் விழும். ரத்தத்தில் பி12 அளவு பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரமாக வலி இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது. ஆபரேஷன் என்கிறார்கள். (39, வேன் டிரைவர்)

பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிகிற வலி இது. பிதுங்கிய டிஸ்க் சுருங்குவதும் உண்டு. காலில் பலம் குறையாமல் இருந்தால் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க அவகாசம் இருக்கிறது. படுத்தே கிடக்காதீர்கள்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்வு மரத்தாலோ அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் கூட வந்தால் முதுகெலும்பு காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து வலிக்காரர்களுக்கும் ஓர் அடையாளம்: சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடக்கும்போது தெரியாமலே செருப்பு கழன்றுவிடுகிறது என்றால் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும், வலி குறைவாக இருந்தாலும்கூட.