தொலைபேசி கேபிள் மேன்ஹோல் மூடியைத் திறந்து உள்ளே இறங்கப் பார்ப்பவர்கள் யார்? உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

நாகர்கோவில் பக்கம் தொலைபேசி கேபிள் ஜாயிண்ட் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளே இருப்பது செம்பு. புதையல் ஒன்றும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் சுரங்கம் என்றாலே பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னொரு அரண்மனைக்குப் போகும் ரகசிய வழியைத்தான் சொல்வார்கள். அதை அடைத்து வைத்திருப்பதாலேயே பையன்களுக்கு அதன்மேல் ஒரு ஆசை. ரோட்டில் மேன்ஹோல் மூடியைக் கண்டாலும் அதே ஆசைதான் போல. கம்பியை விட்டு நெம்பிய தழும்பு மூடி ஓரத்தில் இருக்கும், மூடி மட்டும் அசைந்திருக்காது. இவர்களைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே இல்லை.

செம்புக்கு வருகிறவன் வேறு ரகம். எந்தக் குழியில் எந்தக் கேபிள் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். எப்போதாவது காண்டிராக்டில் குழி தோண்டியவனாகவோ, எங்களோடு நின்று தண்ணீர் இறைத்தவனாகவோ இருப்பான் என்பது என் சந்தேகம்.

வெட்டு விழுந்ததை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஜாயிண்டில் தண்ணீர் புகுந்தால் இன்றைக்கு நாலு வீட்டு போன் கரகரக்கும், நாளைக்கு பத்து வீடு. அறுத்துவிட்டால் ஒரு தெருவே ஒரே நேரத்தில் செத்துப்போகும். பழைய ஈய உறைக் கேபிளுக்குள் உலர்ந்த காற்றை அழுத்தி வைத்திருப்போம். வெட்டு விழுந்தால் அழுத்தம் இறங்கி எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும். பிறகு வந்த, உள்ளே ஜெல்லி அடைத்த கேபிளில் அது கிடையாது. கருவியில் மின் துடிப்பை அனுப்பி, அது முறிந்த இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிட்டுப் போவோம். போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்த வாய், நடுத்துண்டைக் காணோம். 800 ஜோடிக் கேபிள் என்றால், புதுத் துண்டு வைத்து இரண்டு முனையிலும் சேர்த்து 3,200 கம்பி இணைக்க வேண்டும். வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு என்று நிறம் பார்த்து ஒவ்வொன்றாக, கையெல்லாம் ஜெல்லி. அந்தத் துண்டை எரித்துச் செம்பெடுத்து, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடையில் போட்டவனுக்கு ரெண்டு நாள் குடிக்கக் காசு கிடைத்திருக்கும்.

சட்டம் அந்தக் காலத்திலேயே இருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலேயே, வேண்டுமென்று லைனைச் சேதப்படுத்தினால் மூன்று ஆண்டுவரை சிறை என்று வைத்திருந்தார்கள். அதை நினைத்துப் பயந்த திருடனை நான் பார்த்ததில்லை.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5-க்குக் கீழே இறங்கினால் அந்தக் குழி ஆபத்து. பக்கத்துச் சாக்கடையிலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் கசிந்து வந்து தேங்கும். இந்த ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் தேங்காய் மட்டை அழுகப்போட்ட காயல் மாதிரி நாறும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் அப்படியே சரிவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சரிவான். நாங்கள் பக்கத்து மூடிகளையும் திறந்துபோட்டு, காற்று ஊதி, அப்புறம்தான் கால் வைப்போம். ராத்திரி திருட வருகிறவனுக்கு அதற்கு ஏது நேரம்? இதில் பீடி வேறு பற்றவைப்பான். மீத்தேன் தேங்கிய குழியில் அதைவிட வேறு வினை வேண்டாம்.

இப்போது ஓடுவது பெரும்பாலும் கண்ணாடி இழை. ஆக்கர் கடையில் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டான். அது தெரியாமல் அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. பாவம், ஊருக்கு நெட் இல்லை, அவனுக்கும் ஒன்றுமில்லை.

ராத்திரியில் மூடி திறந்து கிடந்தால் வேலையாட்களா திருடர்களா என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பதுண்டு. தடுப்பும் விளக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மேலே நிற்கிற ஆளைப் பாருங்கள். வேலைக்கு வந்தவன் குழியைப் பார்த்து நிற்பான், மற்றவன் ரோட்டைப் பார்த்து நிற்பான். சந்தேகமாக இருந்தால் 112-க்கு போன் போடுங்கள், எட்டிப் பார்க்கக் கிட்டே போகவேண்டாம்.