ஸ்ட்ரைப் கிடைக்கலைன்னு அழுற பொண்ணு

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல்ல என்சிசி ஜூனியர் விங்ல இருக்கா. ஒரு பரேட் கூட விட்டதில்ல. போன வாரம் ரேங்க் போட்டாங்களாம், கூட சேர்ந்த பொண்ணுக்கு கார்ப்பரல், இவளுக்கு ஒண்ணுமில்ல. அழுதுட்டே வந்தவ இனிமே போகவே மாட்டேங்கிறா. எதை வச்சு ரேங்க் குடுக்கறாங்க? நான் போய் மேடம்கிட்ட கேக்கலாமா?
- ஒரு அம்மா, திருச்சி

பதில்: அழுதான்னா அந்த காக்கி மேல அவளுக்கு அவ்ளோ ஆசைன்னு அர்த்தம்மா, அதை விட்டுடாதீங்க.

ரேங்க் மார்க் மாதிரி கிடையாது. கிளாஸ்ல எல்லாருமே நூறு வாங்கலாம், ஆனா ட்ரூப்ல, அதாவது ஸ்கூல் என்சிசி குழுவுல, இத்தனை சார்ஜென்ட், இத்தனை கார்ப்பரல்னு எண்ணி வச்ச இடம்தான். ஆர்மி விங்ல கேடட்டுக்கு மேல லான்ஸ் கார்ப்பரல், அவங்களுக்கு ஒரு ஸ்ட்ரைப், அதாவது ரேங்க்கைக் காட்டற பட்டை. கார்ப்பரலுக்கு ரெண்டு, சார்ஜென்ட்டுக்கு மூணு. ஸ்கூல்ல ட்ரூப்பை பாத்துக்கற ஏஎன்ஓ (என்சிசி பொறுப்பு டீச்சர்) மேடம்தான் யாருக்குன்னு சிபாரிசு பண்ணுவாங்க. பரேட் அட்டெண்டன்ஸ் இதுக்கு வாசப்படி மாதிரி, அதைத் தாண்டினப்புறம் வேற சிலதையும் பாப்பாங்க.

நானும் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் என்சிசில இருந்தவன், எனக்கும் முதல் தடவை ஸ்ட்ரைப் வரல. ஷூ முகம் தெரியற மாதிரி பாலிஷ், பெல்ட் பக்கிள் பளபளன்னு இருக்கும், ட்ரில்லும் சுத்தம், ஆனா எங்க சார் என்னை முன்னாடி நிக்க வச்சு கமாண்ட் குடுக்கச் சொன்னா குரலே வெளிய வராது. 'பரேட்'னு இழுத்து, ஒரு நொடி விட்டு, 'சாவ்தான்'னு (அட்டென்ஷன்ல நில்லுங்கன்னு அர்த்தம்) வெட்டினாப்ல சொல்லணும், அப்பத்தான் முப்பது குதிகாலும் ஒரே சத்தமா விழும். நடந்துட்டு இருக்கற ஸ்குவாடை 'தம்'னு நிறுத்தணும்னா சரியான கால் தரையில படறப்ப சொல்லணும், தப்பின கால்ல சொன்னா மொத்த வரிசையும் கலைஞ்சிடும். ஸ்ட்ரைப் போட்டவங்க வேலையே இதுதான், கூடவே புதுசா வந்த பசங்களுக்கு பெரே தொப்பியைச் சரியா போடக் கத்துக்குடுக்கறது, ஃபால்-இன்ல, அதாவது எல்லாரும் வரிசைல நிக்கறப்ப, ஆள் எண்ணி ரிப்போர்ட் குடுக்கறது எல்லாம் இருக்கு. வேலையைச் செய்ய முடியுமான்னு பாத்துதான் குடுக்கறாங்க.

அதனால நீங்க போகாதீங்கம்மா. அவளே மேடம் முன்னாடி சாவ்தான்ல நின்னு 'நான் எதுல பின்தங்கியிருக்கேன், மேடம்?'னு கேக்கட்டும். அந்த ஒரு கேள்வியே அவளைக் கவனிக்க வச்சிடும். மொட்டை மாடியில தினம் பத்து நிமிஷம் கமாண்ட் கத்திப் பழகச் சொல்லுங்க, அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்கன்னு தடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் அவகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க, ஸ்கூல் என்சிசி முடிச்சா கிடைக்கற 'ஏ' சர்ட்டிபிகேட்டுக்கு ரேங்க் தேவையில்ல. ரெண்டு வருஷ ட்ரெய்னிங், 75 சதவீத அட்டெண்டன்ஸ், ஒரு கேம்ப், பரீட்சை, அவ்ளோதான். இப்ப நின்னுட்டா அது போயிடும்.

கேள்வி: நான் எட்டாவது, என்சிசில புதுசு. ஸ்கூல்லயே அண்டர் ஆபீசர் ஆகலாமா அண்ணா?
- ஒரு கேடட், மதுரை

பதில்: அண்டர் ஆபீசர்ங்கறது சார்ஜென்ட்டுக்கும் மேல இருக்கற ரேங்க், அது காலேஜ்ல, சீனியர் டிவிஷன்லதான் தம்பி. அங்க சேர்றப்ப மறுபடி கேடட்டாதான் ஆரம்பிப்பே, ஸ்கூல்ல போட்ட ஸ்ட்ரைப் உன்கூட வராது, கத்துக்கிட்ட ட்ரில் வரும். நேவி விங்னா பேரே வேற, லீடிங் கேடட், பெட்டி ஆபீசர் கேடட்னு போகும். உன்னோடது எந்த விங்னு எழுது.