மாமனாரின் குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கலாமா?

கேள்வி: மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிவு. இரண்டு நாளில் ஆபரேஷன். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர். "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும், டாக்டர்கிட்ட சொல்லாதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே.

எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அட்மிஷன் போடும்போது "வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?" என்று கேட்டால், "எப்பவாவது விசேஷத்துக்குத்தான்" என்று பதில் வரும். கூட நிற்கும் மகன் தரையைப் பார்ப்பான். அடுத்த நாள் நோயாளிக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. மூன்றாம் நாள் ராத்திரி, மெத்தையில் பூச்சி ஊருகிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார். இல்லாத ஆளோடு பேசுவார். ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டு உடைந்த காலோடு இறங்கி நடக்கப் பார்ப்பார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வீட்டார் திருநீறு தேடி ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எந்நேரமும் கூடுதல் பரபரப்போடு இயங்கப் பழகியிருக்கும். குடியைத் திடீரென நிறுத்தினால் அந்தப் பரபரப்பை அடக்க எதுவும் இருக்காது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதன்பிறகு இந்த மனக்குழப்பம். எல்லோருக்கும் இவ்வளவு தூரம் போகாது. போனவருக்குச் சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து. முன்னமே தெரிந்தால் அந்தப் பரபரப்பை அடக்கும் லோராசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள், மயக்க மருந்து டாக்டரும் அதற்கேற்பத் தயாராக இருப்பார். பெரும்பாலும் பெரிய சிக்கல் இல்லாமல் கடந்துவிடும்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. "குடிச்சிட்டு விழுந்து வந்திருக்கு" என்று நோயாளியின் காதுபடப் பேசும் ஊழியர்கள் இருக்கிறார்கள். வலி மருந்து கேட்டால் அவரைத்தான் கடைசியாகக் கவனிப்பார்கள். இதைப் பார்த்த எந்த மனைவி உண்மையைச் சொல்வாள்? மாற வேண்டியவர்கள் முதலில் நாங்கள்தான். விசாரிக்க வந்த சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் "தினம் குவார்ட்டரா, ஆஃபா? கடைசியா எப்ப?" என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுகிறார்கள்.

மானம் பற்றி ஒன்று. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி அதற்குக் கணவர் பெயரையே வைத்தார். டி.டி.கே. மருத்துவமனை அதிலிருந்து வந்ததுதான். ஊரறிந்த பெரிய குடும்பம் அது. எத்தனை பேர் பேசியிருப்பார்கள்! அவர் மறைத்திருந்தால் அங்கே குணமடைந்தவர்களுக்கு அந்த வாசலே இருந்திருக்காது.

சட்டமும் உங்கள் பக்கம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது.

"ஆபரேஷன் முடியும்வரை தொடாதீங்க" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடியை நிறுத்தும் மாத்திரை கலப்பதும் வேண்டாம். அப்படிக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தின்றவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகலாம், இதயக் கோளாறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மாமியார் முன்னால் சொல்ல முடியாவிட்டால் டியூட்டி நர்ஸைத் தனியே கூப்பிடுங்கள். தினமும் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இவ்வளவு போதும். டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.