பஸ், ரயில் இருக்கும்போது வேளாங்கண்ணிக்கு ஏன் இன்னும் நடந்தே போகிறார்கள்?

நேர்த்திக்கடன் முக்கியமான காரணம்தான். பிள்ளை வரம், நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ஆனால் அது பாதிப் பதில்தான். நடந்து போக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மண்ணில் நாம் வாழும் வாழ்க்கையே விண்ணகம் நோக்கிய பயணம் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. திருப்பயணத்தில் அதைக் காலாலேயே உணர முடிகிறது.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். காவி உடையில் குழு குழுவாக, மாதா சொரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, செபமாலை சொல்லியபடி போவார்கள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். கால் கொப்பளித்தவரின் பையை அதுவரை முன்பின் தெரியாத ஒருவர் தூக்கிக்கொள்வார். வழியில் மோரும் சாப்பாடும் கொடுப்பவர்களில் இந்துக்களும் இருப்பார்கள், முஸ்லிம்களும் இருப்பார்கள். என்னைக் கேட்டால், திருப்பயணத்தின் உயிரே இந்தச் சாலைதான்.

சரி, நடக்க முடியாதவர்கள்? பஸ்ஸில் வந்தாலும் திருப்பயணம்தான். அங்கேயும் மொட்டை போடலாம், மணலில் முழங்காலிட்டுப் போகலாம், மெழுகுவத்தி ஏற்றலாம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை விழா நடக்கும். கூட்டம் தாங்காது என்றால் வேறு மாதத்தில் போங்கள்.